பேப்பர் கப் கோபுரம்

அந்த டிவி ஸ்டுடியோவில் எல்லோரும் அவரை ‘ஒரு நிமிஷம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபது விநாடிக்குள் முடிக்க வேண்டிய விளையாட்டுகளைக் காலையிலேயே தானே விளையாடிப் பார்ப்பது அவர் வேலை. தன்னால் மூன்று தடவை முடிக்க முடியாத எதையும் போட்டியாளருக்குக் கொடுக்க விடமாட்டார். பதினோரு வருஷமாக இதே பிடிவாதம். மேக்கப் போடும் அக்காவுக்கு அது வெறும் கிறுக்காகத்தான் பட்டது.

அன்று ஒரு நர்ஸ் பேப்பர் கப்புகளைக் கோபுரமாக அடுக்கினாள். இறுதிச் சுற்றுக்குப் போக அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மூன்று விநாடி பாக்கி இருக்கையில் கோபுரம் சரிந்தது. நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டாள். இவர் விறுவிறுவென்று மேடையேறினார்.

“இது செல்லாது சார். காலையில இந்தக் காத்து இல்ல.”

“யோவ், ஷூட்டிங்க நிறுத்திட்டு காத்து வாங்க வந்தியா?” என்று கத்தினார் டைரக்டர்.

இவர் அங்கேயே உட்கார்ந்து தானே அடுக்கினார். பதினோரு வருஷக் கை. அதே இடத்தில் சரிந்தது.

மேக்கப் அக்கா சட்டென்று மேடையோரம் திரும்பிப் பார்த்தாள். தொகுப்பாளர் முகம் வியர்க்கிறதே என்று மேடையோர ஃபேனைப் போட்டுவிட்டது அவள்தான்.

“நான்தாங்க போட்டேன்!” என்று ஓடிப்போய் ஃபேனை அணைத்தாள்.

நர்ஸுக்கு இன்னொரு நிமிஷம் கிடைத்தது. கடைசி கப்பை வைக்கும்போது அவள் விரலே தட்டிவிட்டது. எல்லாம் சரிந்தது. அவளோ சிரித்துவிட்டாள்.

“இந்தத் தடவை என் கைதாண்ணே. மனசு ஆறிடுச்சு.”

அவர் தலையசைத்துவிட்டு, உருண்ட கப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அக்கா அவரையே பார்த்தபடி நின்றாள். தொகுப்பாளர் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.