ஆர்விட்டின் கெண்டைக்கால்

கறி வெட்டுகிறவளுக்கு மூக்குதான் முதலாளி. இந்தப் பள்ளத்தாக்கில் யார் மான் அடித்தாலும் துண்டு போட்டுப் பொட்டலம் கட்ட என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஆளின் முகத்தைப் பார்த்து எடைபோட எனக்கு வராது. கொண்டுவருகிற கறியைப் பார்த்தால் போதும். முடி ஒட்டிய கறி, மண்ணில் புரண்ட கறி, மதுக்கடை வாசலில் வெயிலில் நிறுத்தி ஊருக்கெல்லாம் கொம்பைக் காட்டிவிட்டு வந்த கறி, எல்லாம் பார்த்தாயிற்று. கொண்டுவந்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியும் ஆயிற்று. இத்தனை வருடத்தில் நான் திட்டாத ஒரே ஆள் ஆர்விட் ஸ்லெட்டன். அவன் கறியைத் துடைக்கக்கூட வேண்டியதில்லை, அப்படியே மேசையில் போடலாம்.

ஆர்விட் எங்கள் மாவட்டச் சாலைகளில் கிரேடர் என்கிற சாலை இயந்திரம் ஓட்டுகிறவன். கோடையில் சரளையைச் சமன் செய்வான், மொன்டானாவின் நீண்ட குளிர்காலம் முழுக்கப் பனியைத் தள்ளுவான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் பெஞ்சு. பேச்சு கொஞ்சம், வீம்பு அதிகம். அவனும் கோர்டி ப்ரூவிக்கும் மீசை முளைக்காத காலத்திலிருந்து சேர்ந்தே வேட்டைக்குப் போகிறவர்கள். யார் அடித்தாலும் கறி பாதிப் பாதி. யார் அடித்தாலும் இரண்டு முதுகும் சுமக்கும். எல்க் மான் என்பது ஆட்டுக்குட்டி அல்ல, கிட்டத்தட்டக் குதிரை. தனியாளாக அதை மலையிலிருந்து இறக்கப் பல நடை நடக்க வேண்டும். அதனால்தான், சுமக்க முடியாத இடத்தில் அடிக்காதே என்று இங்கே சொல்வார்கள். ஆர்விட்டே எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

அவனுக்கு ஒரு குறை மட்டும் உண்டு. துப்பாக்கியால் எத்தனையோ அடித்தவனுக்கு வில்லால் ஒரு ஆண் எல்க், ஒரு கொம்பன்கூட விழவில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் வில்லைத் தூக்கிக்கொண்டு போவான், வெறுங்கையோடு வருவான். கோர்டி கேலி செய்யும்போது சிரிப்பான். அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி.

அந்த ஆகஸ்டில் கிரேடரின் கடைசிப் படியிலிருந்து குதித்து இறங்கினான். இடது கெண்டைக்காலில் படாரென்று ஒரு அடி. எவனோ கல்லெறிந்துவிட்டான் என்று நினைத்துத் திரும்பி, வண்டிகளை நிறுத்தச் சாலையில் கொடி பிடித்து நின்ற பெண்ணிடம் யார் எறிந்தது என்று சீறியிருக்கிறான். அங்கே அவளையும் மாடுகளையும் தவிர யாருமில்லை. அடுத்த அடி வைத்ததும் உட்கார்ந்துவிட்டான். உள்ளே சதை கிழிந்திருந்தது.

காலுக்குப் பயிற்சி சொல்லித்தந்த பெண் தெளிவாகத்தான் சொன்னாள். வலி போய்விட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. முதலில் சமதரை, பிறகு ஏற்றம், கடைசியில்தான் சுமை. எதையும் பிடிக்காமல் அந்த ஒற்றைக்காலில் நின்று இருபத்தைந்து முறை குதிகாலைத் தூக்க முடிகிறவரை முதுகில் பாரம் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கக் கூடாது. ஆர்விட் ஒழுங்காகத்தான் செய்தான், அதையும் சொல்ல வேண்டும். உறைந்த பட்டாணிப் பையைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான், பூட்ஸுக்குள் குதிகாலுக்கு அட்டை வைத்தான், மகள் விட்டுப்போன சைக்கிளை மிதித்தான். செப்டம்பர் பிறந்ததும் வேலிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் வலியில்லாமல் ஏறி இறங்கினான். அன்றோடு பொறுமை தீர்ந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

என் கடைக்கு வந்து, பார் மார்வா என்று ஒற்றைக்காலில் நின்று எம்பி எம்பிக் காட்டினான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் பார்த்தது அவன் காலை அல்ல, என் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை.

"கையை எடுத்துட்டுச் செய்டா," என்றேன்.

எடுத்தான். நாலு முறை எம்பினான். அப்புறம் வண்டியை வழியில் நிறுத்திவிட்டோமே என்று திடீரென்று அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கோர்டிக்கு அந்த வாரம் புல் அறுப்பு. மழை வருவதற்குள் கட்டாவிட்டால் குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீனி கிடையாது. அவன் என் கடையில் வைத்தே ஆர்விட்டிடம் சொன்னான்:

"காலு தாங்குதுன்னா போ, நான் வேணாங்கல. சனிக்கிழமை நானும் வந்துடறேன். அதுவரைக்கும் குழலை ஊது, கூப்பிடு, உக்காந்து பாரு. அம்பை மட்டும் விட்றாத."

"விடமாட்டேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்ல."

வியாழக்கிழமை காலை அந்தக் கொம்பன் வந்தது. இவன் மான் குரலில் ஊதிய குழலுக்குப் பதில் குரல் கொடுத்துக்கொண்டே மரங்களுக்கிடையில் நேராக இவனை நோக்கி இறங்கி வந்திருக்கிறது. வருடக்கணக்கில் கனவில் வந்தது முப்பதடியில் விலாவைக் காட்டி நிற்கிறது. ஆசை வெட்கம் அறியுமா? வாக்கை மட்டும் அறியுமா? அம்பை விட்டான். அழகாக விட்டான், அதிலும் குறை சொல்ல முடியாது. கொம்பன் கொஞ்ச தூரத்தில் விழுந்தது.

தோலுரித்து, நாலு பங்காக்கி, துணிப்பைகளில் போட்டு நிழலான கிளையில் தொங்கவிட்டான். எலும்பை எடுக்க நேரம் செலவழிக்கவில்லை. முன்தொடை ஒன்றைச் சுமந்துகொண்டு இறங்கினான். ஓடைக்கு மேலிருக்கும் சரிவில் அதே இடம் மறுபடி கிழிந்தது. இந்த முறை யார் எறிந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. மீதி வழியை உட்கார்ந்தும் நகர்ந்தும் கடந்து, சாயங்காலம் வண்டிக்கு வந்து சேர்ந்தான். கறியை விட்டுவிடவில்லை.

அவன் வீட்டுக்குப் போகிற சாலை கோர்டி வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. சமையலறையில் விளக்கு எரிந்தது. கோர்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஜன்னலில் தெரிந்தது. ஆர்விட் வண்டியை மெதுவாக்கினான். நிறுத்தவில்லை.

ஒரு ஹாரன் அடித்திருந்தால் போதும். கோர்டி தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பான்.

மறுநாள் வெயில் ஜூலை மாதம் போலக் காய்ந்தது. விடிந்ததும் ஆர்விட் இரண்டு கம்புகளை ஊன்றிக்கொண்டு தனியாக ஏறப் பார்த்தான். பாதையின் இரண்டாவது வளைவைக்கூடத் தாண்ட முடியவில்லை. மத்தியானம் கழிந்துதான் கோர்டிக்குப் போன் செய்தான். கோர்டி புல்லைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பக்கத்துப் பண்ணையில் கோவேறு கழுதையை இரவல் வாங்கிக்கொண்டு ஏறி, இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் இறக்கினான். சனிக்கிழமை, அவர்கள் சேர்ந்து வேட்டைக்குப் போயிருக்க வேண்டிய காலையில், இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

முன்தொடைகள் இரண்டும் நன்றாக இருந்தன. பின்தொடையில் எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி முகர்ந்தேன். அடுத்ததையும் முகர்ந்தேன். பெரிய எலும்பு சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ரோஜா நிறம், உள்ளே புளித்துவிட்டது. நான் நிமிர்வதற்கு முன்பே ஆர்விட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எவனெவனையோ திட்டிய வாய்.

கோர்டிதான் பேசினான். குரலை உயர்த்தவில்லை.

"என் வீட்டு வழியாத்தானே போன?"

"ஆமா."

"விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"பின்ன ஏன்டா நிக்கல?"

"வாக்கு குடுத்துட்டு மீறிட்டேன்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கதவைத் தட்டறது?"

"உன் மூஞ்சிய யாருடா கேட்டா? கறி தொங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

கெட்டுப்போன இரண்டு தொடைகளையும் கழிவுப் பீப்பாய்க்கு ஆர்விட்டே தூக்கிப் போனான், நொண்டிக்கொண்டே. நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. கொம்பை எடுத்துப்போகச் சொன்னேன், காது கேட்காதவன் போல வண்டியில் ஏறிவிட்டான். அது இன்னும் என் பின்கொட்டகையில் கிடக்கிறது.

கால் அந்தக் குளிர்காலத்திலேயே குணமாகிவிட்டது. வசந்தத்தில் தேவாலயக் கூரைக்கு ஓடு மாற்றினார்கள். தோளில் கட்டுக்கட்டாக ஓட்டைச் சுமந்துகொண்டு ஆர்விட் ஏணியில் ஏறி இறங்கியதை ஊரே பார்த்தது. நானும் கோர்டியும் கீழே நின்று பார்த்தோம்.

அடுத்த செப்டம்பருக்கு முன்னால் கோர்டி கத்திகளைச் சாணை பிடிக்க என் கடைக்கு வந்திருந்தான். நாய்க்கு எலும்பு வாங்க ஆர்விட்டும் வந்து சேர்ந்தான். சனிக்கிழமை மேலே போகிறேன், வருகிறாயா, கால் எப்படி என்று கோர்டி கேட்டான்.

"இன்னும் சரியாகலடா. ஏத்தத்துல இழுக்குது."

"சரி. ஆனதும் சொல்லு."

ஆர்விட் எலும்புப் பையை எடுத்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து வாசலுக்கு நடந்தான். கிழிந்தது இடது கால். அவன் இழுத்தது வலது காலை.

நான் கோர்டியைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்புகிற சத்தம் அடங்கும்வரை கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவினான்.

"எனக்கு ஏதாவது விழுந்தா, பாதியை அவன் பேர்ல கட்டி வச்சிரு மார்வா," என்றான்.