பெருமாளின் இடுப்பளவு

சுற்றுலா வழிகாட்டிக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்றொரு நம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. மிகுந்த பொறுப்புடன் இதை மறுக்கிறேன். வழியை ஆட்டோக்காரர் பார்த்துக்கொள்வார். வழிகாட்டிக்குத் தெரிய வேண்டியது உயரம். பெரிய காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாளைக் காட்டிப் பிழைக்கும் என்னிடம் "எத்தனை அடி?" என்று கேட்காதவர் இல்லை. "முப்பத்தைந்து" என்பேன். அளந்து பார்த்தாயா என்று எவரும் கேட்டதில்லை. இதே தொழிலில் தவிக்கும் அன்பர்களுக்கு இந்த நிம்மதி புரியும்.

மூன்றாவது அடி

ஒருநாள் நான் அழைத்துப்போன கூட்டத்தில் வாலாஜாபாத் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். பெருமாளின் இடக்கையில் இரண்டு விரல், வலக்கையில் ஒரு விரல், ஏன் என்றார். மாபலியிடம் மூன்றடி மண் கேட்டவர் இரண்டடியில் எல்லாவற்றையும் அளந்துவிட்டார் என்பதற்கு இரண்டு. மூன்றாவதை எங்கே வைப்பது என்று கேட்க ஒன்று. இதைப் புராணச் சான்றுகளோடு விரிவாக விளக்கினேன். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நம்ம ஊர்ல பிளாட்டு போடறவன் மாதிரியே இருக்குது. ரெண்டு பக்கம் அளந்துட்டான், இப்ப நம்ம வயல கேட்டுக்கினு நிக்கறான்."

விளக்கு

அதே கூட்டத்தில் தனம் என்ற நெசவாளியும் இருந்தார். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால், தன் கையால் பட்டு வேட்டி நெய்து பெருமாளுக்குச் சாத்துவதாக வேண்டுதல். பேரன் பிறந்தாயிற்று, பட்டும் வாங்கியாயிற்று. மறுநாள் தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்ற வேண்டும். நீளம் தப்பினால் வேட்டி எட்டாது; பட்டும் வீண், வேண்டுதலும் குறை. என்னிடம் அளவு கேட்டார். வழக்கம்போல் முப்பத்தைந்து அடி என்றேன். முழக்கணக்கில் இருபத்து மூன்றும் சொச்சமும் என்று கூடுதலாகவும் சொன்னேன்.

"வேட்டிய தலையிலயா கட்டப்போறாரு? இடுப்பு எவ்ளோ சார்?"

அது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. உள்ளே இருட்டு. பட்டர் நீண்ட கழியில் விளக்கை மாட்டி முகம் வரை உயர்த்தினார், எல்லோரும் அண்ணாந்தோம். "சாமி, கொஞ்சம் கீழ எறக்குங்க" என்றார் தனம். "ஏம்மா, முகத்தைச் சேவிக்க வேண்டாமா?" என்றார் பட்டர்.

"முகத்த அவங்க பாக்கட்டும் சாமி. ஒரு கால தூக்கிக்கினு நிக்கறாரே, கொசுவத்த எங்க வெக்கறதுன்னு நான் பாக்கணும்."

முழம்

பட்டர் சிரிக்கவில்லை. முன்பு சாத்திக் களைந்த வேட்டி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். மண்டபத்தில் விரித்து, முழங்கை வைத்துத் தனம் அளக்கத் தொடங்கினார். முழம் ஆளுக்கு ஆள் மாறும், ஒன்றரை அடி என்பது ஒரு ஏற்பாடுதான் என்று எடுத்துரைத்தபடி என் டேப்பை நீட்டினேன். என் பேச்சில் அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி முதல் முழத்திலிருந்து.

"என் தறி, என் கை, என் முழம். நீ கொஞ்சம் சும்மா இருபா."

பாவு மறுநாளே ஏறியது. வேட்டி தூக்கிய காலையும் சுற்றிக்கொண்டு கொசுவத்தோடு சரியாக அமைந்தது; இப்போதெல்லாம் பெருமாளின் அளவு கேட்பவர்களைப் பட்டர் தனத்தின் வீட்டுக்கு அனுப்புகிறார்.