அக்குபங்சர் ஊசியும் எகிறும் பிரஷரும்

மயக்க மருந்து டெக்னீஷியன் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், அடுத்தவர் பிரஷரைப் பார்த்துப் பார்த்தே நம் பிரஷர் எகிறிவிடும். திருத்தணியில் நான் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு அக்குபங்சரும் படித்த மயக்க மருந்து டாக்டரம்மா ஒருவர் வந்தார். முழு மயக்கம் தாங்காதவர்களுக்கு கை கால்களில் மெல்லிய ஊசிகள் குத்தி, ஒயர் மாட்டி, லேசாக மின்சாரம் விடுவார். அறுக்கிற இடத்தில் மட்டும் மரத்துப்போக மருந்து. ஆள் விழித்தே இருப்பார். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கழுத்தில் கத்தி

அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் ஒரு அம்மா. கழுத்தில் எலுமிச்சை அளவு கட்டி, இதயமோ பலவீனம். "முழு மயக்கம் குடுத்தா பிரஷர் படுத்துடும்" என்று டாக்டரம்மா ஊசிகளைக் குத்தினார்.

சர்ஜன் கழுத்தைக் கீறினார். மானிட்டரில் பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பது. கீறும் முன்பும் அதேதான் இருந்தது; கத்தி பட்டதும் ஏறியிருக்க வேண்டாமா? மெஷின் ரிப்பேரோ என்று பயந்து, கைப்பட்டையைக் கழற்றி மறுபடி கட்டினேன். அந்த அம்மா கண்ணைத் திறந்தார்.

"இன்னா நைனா, உன் கை இப்பிடி நடுங்குது? ஆப்ரேஷன் எனக்கா, உனக்கா?"

ஒரே ஊசியில் விழுந்தவர்

கே.ஜி.கண்டிகை விவசாயி, ஆறடி ஆள், குடலிறக்கம். முழு மயக்க மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மேஜையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். முதல் ஊசி இறங்கியதும் முகம் சாம்பலாகி, அப்படியே என் மேல் சாய்ந்தார். நாடி நாற்பது. பிரஷர் எழுபதுக்கு வந்துவிட்டது.

டாக்டரம்மா ஊசியைப் பிடுங்கி, அவரைப் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மருந்து ஏறியது. "பயத்துல நரம்பு தூண்டப்பட்டு ரத்தக் குழாய் எல்லாம் விரிஞ்சிடும் தம்பி, ரத்தம் கீழயே தங்கிடும். இவரைப் படுக்க வெச்சித்தான் குத்தியிருக்கணும். என் தப்பு" என்றார். ஐந்து நிமிடத்தில் விவசாயி விழித்தார். அவமானம் தாங்கவில்லை அவருக்கு.

"வருசா வருசம் ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திகினு மலை ஏறுறேன்மா, ஒரு நாளும் மயக்கம் வந்ததில்ல. இந்த முடி கனம் ஊசிக்கா நான் விழுந்தேன்?"

சிரித்துக்கொண்டிருந்தவர்

இதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பதறுகிறது. அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கோளாறு. அவருக்கும் குடலிறக்கம்தான். ஆபரேஷன் பாதியில் நாடி தொண்ணூறு, நூற்றுப் பத்து, நூற்று முப்பது என்று ஏறியது. பிரஷர் இருநூறைத் தொட்டது. முகத்தைப் பார்த்தேன், சிரிக்கிறார்!

"வலிக்குதாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லம்மா."

"ரத்தம் நிக்கல, துணி குடு!" என்று சர்ஜன் கத்தினார். பிரஷர் ஏறியதில், வெட்டிய இடமெல்லாம் கசிந்து நிரம்பிவிட்டது. டாக்டரம்மா ஒரு நொடி தாமதிக்கவில்லை. வலி மருந்தும் மயக்க மருந்தும் ஏற்றி, மூச்சுக்குத் தொண்டையில் குழாய் போட்டுத் தூங்கவைத்தார். எண்கள் மெல்ல இறங்கின. ரத்தம் நின்றது.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் வார்டுக்குப் போய், "வலிச்சிருக்கு, ஏங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"ஊசியில வலிக்காதுன்னு அந்தம்மா அவ்ளோ நம்பிக்கையா சொன்னாங்க, வலிக்குதுன்னா அவங்க மனசு நோவாதா?"

அன்றிலிருந்து நோயாளி சொல்வதை மரியாதையாகக் காதில் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் நம்புவது அவர் நாடியை மட்டும்தான்.