உமையாள் முதலாளி, முத்துலட்சுமி தொழிலாளி

காரைக்குடில கெஸ்ட் லெக்சரரா சேர்ந்தப்ப எனக்குத் திமிர் ஜாஸ்தி. நோட்ஸ் டிக்டேட் பண்றவன் வாத்தியாரே இல்லன்னு ஸ்டாஃப் ரூம்லயே சொல்லிட்டுத் திரிவேன். நம்ம எகனாமிக்ஸ் கிளாஸ்ல எல்லாரும் பேசணும், அவங்கவங்க வீட்டுக் கதையிலருந்தே பாடம் வரணும், அதான் என் பிளான். முதல் நாளே ஒரு ஃபாரம் குடுத்து, வீட்ல யார் என்ன வேலைன்னு எழுதி வாங்கிட்டேன்.

மூணாவது வாரம் லேபர் மார்க்கெட். கூலி எப்படி முடிவாகுதுன்னு நடிச்சுக் காட்டணும். ஃபாரத்தப் பாத்தேன்.

"உமையாள், கோட்டையூர்ல உங்க பெரிய வீடு இப்ப ஓட்டல்தானே? நீ முதலாளி. முத்துலட்சுமி, உங்கம்மா சமையல் வேலைதானே? நீ வேலை கேட்டு வர்ற."

முத்துலட்சுமி ஃபர்ஸ்ட் பெஞ்ச். கேள்வி கேட்டே என்னைக் கொல்ற பொண்ணு. அன்னிக்கு எந்திரிச்சு உமையாளத் திரும்பிப் பாத்தா.

உமையாள் மெதுவா, "சார், நாங்க மாத்திக்கிறோமே"ன்னா.

"நிஜத்துல அப்படி மாத்திக்க முடியுமா? ம், ஆரம்பி!"

பின் பெஞ்சுலருந்து கார்த்தி கத்துறான்: "கூட்டிக் கேளுடி! பேரம் பேசு!"

முத்துலட்சுமி தரையப் பாத்துக்கிட்டே சொன்னா: "குடுக்குறதக் குடுங்க ஆச்சி."

கிளாஸே சிரிச்சுக் கைதட்டுச்சு. நானும்தான். "செம ஆக்டிங்!"னு வேற சொன்னேன்.

பெல் அடிச்சதும் உமையாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா. கண்ணு செவந்திருந்துச்சு.

"அவங்கம்மா எங்க வீட்டு ஓட்டல்லதான் சார் சமைக்குறாக. எங்கம்மாவ ஆச்சின்னுதான் கூப்பிடுவாக. கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும்கூட அதப் பத்திப் பேசிக்கிட்டதில்ல."

மறுநாள் முத்துலட்சுமி கடைசி பெஞ்சுக்குப் போயிட்டா. எதக் கேட்டாலும், "தெரியல சார்." சாரி கேட்டேன். "விடுங்க சார், நல்லதுக்குத்தான செஞ்சீக"ன்னா. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

இன்டர்னல் டெஸ்ட்ல, தொழிலாளி ஏன் பேரம் பேசுறதில்லன்னு ஒரு கேள்வி வச்சேன். எல்லாரும் புக்ல உள்ளத வாந்தியெடுத்திருந்தாங்க. அவ ரெண்டே வரி: "பேரம் பேச, வேண்டாம்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னொரு எடம் வேணும். எங்க ஊர்ல சமைக்கிறவுகளுக்கு அது இல்ல."

பேர் சொல்லாம கிளாஸ்ல படிக்கட்டுமான்னு கேட்டேன்.

"வேண்டாம் சார்."

இப்பல்லாம் ரோல் குடுக்கச் சீட்டுக் குலுக்கிப் போடுறேன். ஃபாரம் வாங்குறதே இல்ல. அவங்கவங்க கதைய அவங்களாச் சொன்னாத்தான் பாடம், நான் புடுங்கி மேடையேத்துனா அது வேற. கிளாஸ் நல்லாத்தான் போகுது. ஆனா அந்த வருஷம் என் கிளாஸ்ல வந்த உருப்படியான பதில் அந்த ரெண்டு வரிதான். எல்லாரும் பேசணும்னு கிளம்புன நான், அத ஒருத்தனாத் தனியா உக்காந்து படிச்சேன்.