நாற்பதடிக்குள் நூறடி

மேலகரத்தில் மணிமுத்து தெருவில் நடந்து வந்தால் ஜனங்கள் தங்கள் வீட்டுச் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். தென்காசி தாலுகாவில் முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்த மனிதர். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, கை கழுவுகிற இடத்தில் நின்று காம்பவுண்டைக் கண்ணாலேயே அளந்து, "அண்ணாச்சி, வடக்கே அரையடி வெளிய போயிருக்கே, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வெற்றிலையை எடுப்பார். அதன் பிறகு பெண்ணைப் பெற்றவருக்கு மாப்பிள்ளை முகம் மறந்துபோகும். அவர் அளவுச் சங்கிலியை எந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்கிறாரோ அந்தப் பக்கம் நிலம் நீளும் என்று ஊரில் பேச்சு. எந்தப் பக்கம் இழுப்பார் என்பது அன்று காலையில் யார் வீட்டில் காபி குடித்தார் என்பதைப் பொறுத்தது.

ஓய்வு பெற்ற மறுவாரமே காபி நின்றுபோயிற்று. சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொன்னவர்கள் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். ரேஷன் கடையில் ஒரு பெண் அவரைப் பார்த்து, "வரிசையில வாங்க" என்றாள். மூன்று மாதம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குற்றாலத்துக்குப் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நிற்கவில்லை.

அப்போதுதான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. எங்கோ ஒரு வீட்டின் பின்னால் ஈமுக்கோழி வளர்க்கிறார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பறவை, கேட் வரைக்கும் கூட்டம், நடுவில் கையைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்காரன். மணிமுத்து பறவையைப் பத்துத் தடவை பார்த்தார். வீட்டுக்காரனை இருபது தடவை பார்த்தார்.

"குழலு, நாம ஈமு வளக்கப் போறோம்."

அவர் மனைவி குழல்வாய்மொழி தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்தாள். அவளும் அளவெடுத்துப் பிழைப்பவள்தான். ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறாள். ஆனால் அவள் டேப் அரை இஞ்ச் தப்பினால் மறுநாளே ரவிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். மேல்முறையீடு எல்லாம் கிடையாது.

"அது என்னது?"

"கோழிதான். கொஞ்சம் பெரிசு."

பல்லடம் பக்கத்தில் பண்ணையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடம் ஆறு மாத ஜோடி ஒன்று பேசி முடித்தார். அந்த ஆள் நல்லவர். பறவையை வண்டியில் ஏற்றும் முன்பே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார்.

"ஜோடிக்கு நூறடி நீளம், இருவத்தஞ்சடி அகலமாச்சும் வேணுமுங்க. ஆறடி ஒசரத்துக்குக் கம்பிவலை. வலைக்கண்ணு சின்னதா இருக்கோணும், இல்லீன்னா தலைய உட்டு மாட்டிக்கும். முள்ளுக்கம்பி ஆகவே ஆகாதுங்க. மூலைய வளைச்சு உட்ருங்க. ஓடி வந்த வேகத்துல இடிச்சு காலை ஒடிச்சுக்கும்."

மணிமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் சிரித்தார். "யாருக்கு அளவு சொல்லுதான் பாத்தியா?"

வீட்டின் பின்புறம் நாற்பதடிக்கு இருபத்திரண்டு. அதற்குள் கிணறு, துவைகல், ஒரு முருங்கை, செப்டிக் டேங்கின் மூடி. குழல்வாய்மொழி தன் தையல் டேப்பை எடுக்கக்கூட இல்லை. வாசல்படியில் நின்றே சொல்லிவிட்டாள். "பத்தாது."

"எப்பிடிப் பத்தாது? நாப்பதடிய ரெண்டரை தடவ ஓடுனா நூறடி ஆச்சுல்லா? கணக்கு கணக்குதான்."

"அப்ப நீங்களும் முத்தத்துலயே சுத்திச் சுத்தி நடந்து திருநெல்வேலி போயிருங்க. பஸ்ஸு எதுக்கு?"

வேலி போடுகிற வேலை இரண்டு நாளில் முடிந்தது. தூணுக்குக் கல் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. யார் யார் வயல் எல்லையிலோ நட வேண்டிய சர்வே கற்கள் பதினாறு, பல வருடமாக அவர் வீட்டுக் கொல்லையில் அடுக்கிக் கிடந்தன. அந்த வயல்காரர்கள் எல்லை தெரியாமல் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கல்லுக்கு மேல் கட்டை கட்டி நாலடிக்கு உயர்த்தினார். மச்சினன் தோட்டத்தில் பழைய முள்கம்பி கிடைத்தது. மூலையை வளைக்கச் சொன்னதை மட்டும் அவரால் பொறுக்கவே முடியவில்லை. வளைந்த மூலை வேலை தெரியாதவன் போடுவது. நான்கு மூலையையும் செங்கோணமாகவே நிறுத்திவிட்டு, தூர நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

மார்கழியில் பறவைகள் வந்தன. ஊரே வந்து பார்த்தது. குற்றாலம் போகிற வேன்கள் நின்றன. மணிமுத்து கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். பெரிதாக இருந்த பெட்டைக்குக் கலெக்டர் என்றும், சேவலுக்குத் தாசில்தார் என்றும் பெயர் வைத்தார். முப்பத்தொரு வருடம் அந்தப் பதவிகளுக்கு முன்னால் பைலோடு நின்ற மனிதர். இப்போது அவை அவர் நீட்டுகிற கீரைக்குக் கழுத்தை நீட்டின. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் குளிர்ந்தது.

கீரை நீட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. கூட்டுவதும் தண்ணீர் வைப்பதும் குழல்வாய்மொழி. வேலி கட்டியபோது நறுக்கிப் போட்ட கம்பித் துண்டுகள் மண்ணில் மினுங்குவதையும், பறவைகள் மினுங்குவதை எல்லாம் விழுங்குவதையும் கண்டவள், ஊசி பொறுக்குகிற காந்தத்தைக் கயிற்றில் கட்டி அந்தக் கொல்லை முழுவதையும் தடவி எடுத்தாள். வெயில் ஏறினால் ஹோஸைத் திறந்துவிடுவாள். கலெக்டர் தண்ணீரில் உட்கார்ந்து, புரண்டு, கால் இரண்டையும் நீட்டிக் கிடக்கும்.

வைகாசிக்குள் இரண்டும் மணிமுத்துவுக்குச் சமமாக வளர்ந்து நின்றன. வேலி நாலடியிலேயே நின்றது. கிழக்கே புறப்பட்டால் பத்து எட்டில் முள்கம்பி. சறுக்கி நின்று திரும்பினால் மேற்கே கிணற்றுச்சுவர். நாள் முழுவதும் இந்த ஓட்டம்தான். வேலியோரம் புல் செத்துத் தடம் விழுந்தது. தாசில்தாரின் நெஞ்சில் இறகு உதிர்ந்து தோல் கிழிந்தது. கால்நடை டாக்டர் சாம் வந்து மருந்து போட்டார்.

"அண்ணாச்சி, இது உலாத்துத பறவ இல்ல, ஓடுத பறவ. மொதல்ல இந்த முள்ளுக்கம்பிய எடுங்க. இடம் இல்லேன்னா இடம் இருக்கவங்களுக்குக் குடுத்துருங்க."

குடுப்பதா? வேன் நிற்பதும் நின்றுபோகுமே. மணிமுத்து இடம் தேடினார். தேடியது கிழக்கே.

கிழக்கு வீட்டில் எபனேசர் இருந்தார். தபால் ஆபீசில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் எதிர்த்துப் பேசாதவர். தன் மனையில் பதினெட்டடி அகலத்தைச் சும்மா போட்டு, அதில் நாலு செம்பருத்தி வைத்திருந்தார். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் செம்பருத்தி ஈமு வேலிக்குள் நின்றது. பிறகு அதுவும் நிற்கவில்லை, கலெக்டர் தின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இது எங்க இடம்லா?" என்றார் எபனேசர்.

"உம்ம கண்ணுக்கு அப்பிடித் தெரியும்வே. பழைய புலப்படத்துல பாத்தா இது என் பக்கம். நான் சர்வேயரு சொல்லுதேன். நீரு தபால்காரரு. எல்லையப் பத்தி உமக்கு என்ன தெரியும்?"

எபனேசர் வீட்டுக்குள் போய்ப் பேனாவை எடுத்தார். முத்திரை குத்தியே பழகிய கை. தாலுகா ஆபீசில் ஒரு மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பைபிள் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஆடி முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, சாரல் பிடித்துக்கொண்டிருந்த பகலில், புது சர்வேயர் அபர்ணா வந்தாள். முப்பது வயதுகூட இராது. முக்காலியில் ஒரு கருவியை நிறுத்திக் குடை பிடித்துக்கொண்டாள்.

"சங்கிலி இல்லையாம்மா?" என்றார் மணிமுத்து இரக்கத்தோடு.

"இது போதும் சார்."

அரை மணி நேரத்தில் அளவு முடிந்தது. பதினெட்டடியும் எபனேசருடையது. அதோடு நிற்கவில்லை. மணிமுத்துவின் பழைய கொல்லையிலேயே கிழக்கே மூன்றடி, துவைகல்லோடு சேர்த்து, எபனேசர் மனையில் இருந்தது.

"யாரு போட்ட அளவு இது? அந்தப் படத்தக் காட்டு" என்று கத்தினார் மணிமுத்து.

அபர்ணா பைலைப் புரட்டிக் காட்டினாள். "தொண்ணூத்தெட்டுல மனை பிரிச்சப்ப போட்டது, சார். கையெழுத்து உங்களுதுதான். படம் சரியாத்தான் இருக்கு. வீடு கட்டுதப்பதான் நீங்க படத்தப் பாக்கல போல."

எபனேசர் குனிந்து துவைகல்லைப் பார்த்தார். ஆனால் அவர் மனைவி ஜன்னலுக்குள் சிரித்தது சாரல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மணிமுத்துவுக்குக் காது சூடாகிவிட்டது. "எடுத்தா எடுத்துக்கிடுங்க!" என்று கத்திக்கொண்டே போய், கிழக்கு வேலியின் கல்லைத் தானே அசைத்துப் பிடுங்கினார். கம்பி தொய்ந்தது. உள்ளே இரண்டு பறவைகள் இருப்பது அவருக்கு ஞாபகம் வருவதற்குள், கலெக்டர் அவர் தோளை உரசிக்கொண்டு வெளியே போயிருந்தது. பின்னாலேயே வந்த தாசில்தாரைக் குழல்வாய்மொழி முந்தானையை விரித்து மறித்துவிட்டாள்.

அதுவரை அறுபதடிகூட ஓடியறியாத கால்களுக்கு முன்னால் குற்றாலம் ரோடு நீண்டு கிடந்தது. அது ஓடிய ஓட்டத்தை வேனில் வந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். மணிமுத்து பைக்கை எடுத்து விரட்டினார். பழைய பஸ் ஒன்றையும் இரண்டு கார்களையும் கலெக்டர் முந்தியது. சீசன் கூட்டத்தில் வண்டிகள் தேங்கி நின்ற இடத்தில் பைக் மாட்டிக்கொள்ள, பறவை சந்துக்குள் புகுந்து அருவிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

பேரருவியில் ஆண்கள் பக்கம் நல்ல கூட்டம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்ற தொப்பைகளுக்கு நடுவே ஆறடிப் பறவை நடந்து வந்தது. வரிசை இருந்த இடத்தில் துண்டுகள்தான் கிடந்தன. ஓடியவர்கள் வழுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்கள் மேல் வழுக்கி மற்றவர்கள் விழுந்தார்கள். கலெக்டர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் வழிந்தோடுகிற பள்ளத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பக்கமாகப் புரண்டது.

மணிமுத்து மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "யாருய்யா இதுக்கு ஓனரு?"

நூறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போலீஸ்காரரின் கண் மணிமுத்துவிடம் வந்து நின்றது.

"எனக்குத் தெரியல சார். நானும் வேடிக்க பாக்கத்தான் வந்தேன்" என்றார் மணிமுத்து. அவருடைய ஒரு காலில் செருப்பு இல்லை. தோளில் இறகு ஒட்டியிருந்தது.

சற்று நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்தது. எபனேசர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து குழல்வாய்மொழி இறங்கினாள், கையில் பப்பாளித் துண்டுகளோடு.

"கலெக்டரே! ஏட்டி, கலெக்டரே! இங்கன வா!"

போலீஸ்காரர் சட்டென்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் பார்த்தார். வந்தது பறவை. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் இரண்டு பேர் பின்பக்கமாக வளைத்துப் பிடித்து ஏற்ற வந்தார்கள். அவர்கள் கை எண்ணெயில் பறவை மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை குழல்வாய்மொழி முந்தானையால் அதன் தலையை மூடியதும் சாதுவாக ஏறிக்கொண்டது.

"இது யாருதும்மா?"

"என்னுது சார்" என்றாள். பக்கத்தில் நின்ற மணிமுத்துவை அவள் பார்க்கவே இல்லை. போலீஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டதும் அவள்தான். விழுந்து முழங்கால் சிராய்த்த ஒரு மதுரைக்காரருக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றும் சண்டை போடவில்லை. டாக்டர் சாமுக்குப் போன் போட்டாள். பண்பொழிக்குப் பக்கத்தில் முகம்மது சலீம் என்று ஒருவர், தென்னந்தோப்புக்குள் நூற்றைம்பதடி நீளத்துக்கு ஆறடி வலை கட்டி வான்கோழி விட்டிருந்தார். வான்கோழி போக இடம் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை இரண்டு பறவைகளும் போயின. மணிமுத்து வண்டியோடு போய், வலைக்கு வெளியே நின்று பார்த்தார். தாசில்தார் நாற்பதடி ஓடி, பழைய பழக்கத்தில் சறுக்கி நின்றது. முன்னால் கம்பி இல்லை. கழுத்தைச் சாய்த்து யோசித்தது. பிறகு காலை எடுத்து வைத்து, கடைசித் தென்னை வரைக்கும் நிற்காமல் ஓடியது. மணிமுத்து மூக்கை உறிஞ்சினார். சளி என்று மனைவியிடம் சொன்னார்.

மறு வருடம் தை மாதம் கலெக்டர் கரும்பச்சை முட்டைகள் இட்டது. தாசில்தார் ஐம்பது நாளுக்கு மேல், சரியாகச் சாப்பிடாமல், அடைகாத்து உட்கார்ந்திருந்தது. பங்குனியில் சலீம் போன் செய்ததும் இருவரும் பஸ் பிடித்துப் போனார்கள்.

"அக்கா மட்டும் உள்ள வரட்டும். குஞ்சு இருக்கப்ப சேவலு ஆளத் தாக்கும். இவங்களத்தான் அதுக்குப் பழக்கம்" என்றார் சலீம்.

"என்னையும் அதுக்குத் தெரியும்வே" என்றார் மணிமுத்து.

தாசில்தார் அவரைப் பார்த்து உறுமிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தது. அவர் மூன்று எட்டுப் பின்னால் போனார். குழல்வாய்மொழி தன் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போய், கோடு போட்ட குஞ்சுகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எத்தன குஞ்சு?" என்று வலையில் முகத்தை வைத்துக் கேட்டார் மணிமுத்து.

"மூணு" என்றாள் அவள் திரும்பாமல். "சத்தம் போடாதீங்க."