ருசி பார்த்ததாகச் சொன்ன சாக்லேட்

இலையுதிர்காலம் வந்தால் அந்த ஹோட்டல் சமையலறையில் மான் இறைச்சியைத் தவிர வேறு பேச்சு இல்லை. லுசேர்ண் ஏரிக்கரையில், ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது அது. வேட்டைக்காலம் தொடங்கியதும் மானும் காட்டுப்பன்றியும் குளிரறைக் கொக்கிகளில் தொங்கும். பெரிய அண்டாக்களில் சிவப்பு முட்டைக்கோசு வேகும். மூன்று போறணை அடுப்புகளிலும் காலை ஏழு மணிக்கே இறைச்சி ஏறிவிடும். கேக்குக்கு அவற்றில் இடம் கிடையாது. அதனால், ஞாயிறு மத்தியானம் வரவிருந்த அறுபது பேர் கொண்ட பாடகர் குழுவுக்குப் போறணை தேவைப்படாத இனிப்பு ஒன்றைச் செய்ய ஷெஃப் முடிவெடுத்தார். சாக்லேட்டை உருக்கித் தட்டில் பரப்பி, கொட்டைகளும் உலர்ந்த பேரிக்காயும் தூவி, இறுகிய பின் கையால் உடைத்துக் கொடுப்பது. அதை அவர் என்னிடம் ஒப்படைத்தார்.

நான் அங்கே கோப்பை கழுவுகிறவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து வராது. பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். மற்றவர்களின் வெங்காயத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்து எனக்குக் கொப்பியும் பேனையும் வாங்கித் தந்தார். ஏ.எல். பரீட்சையில் சித்தியடைந்த நான் அடுத்தவர் எச்சில் தட்டுகளைச் சுரண்டிக்கொண்டு நிற்பது ஒவ்வொரு நாளும் எனக்கு அவமானமாக இருந்தது. இடைவேளையில் மற்றவர்கள் சிகரெட் பிடிக்க வெளியே போக, நான் சோப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜெர்மன் இலக்கணப் புத்தகத்தைப் படிப்பேன். ஷெஃப் அதைக் கவனித்திருக்கிறார் போலும்.

வியாழக்கிழமை அவர் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை இது சரியாக வந்தால், திங்களிலிருந்து நீ குளிர்ப்பகுதியில் வேலை செய்யலாம்."

குளிர்ப்பகுதி என்றால் சாலட், இனிப்பு, வெள்ளை மேலங்கி. கழுவும் தொட்டியிலிருந்து பத்தடி தூரம்தான்.

வெள்ளிக்கிழமை அப்பா இறந்த செய்தி வந்தது.

கொண்டுவந்தவர் என்னோடு கழுவும் அண்ணை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். அவர் வாடகைக்கு இருந்த வீட்டுத் தொலைபேசிக்குக் கொழும்பிலிருந்து யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா போய் ஒன்பது நாள் ஆகிவிட்டது. இரவு மூச்சு இழுத்திருக்கிறது. ஊரடங்கு. விடியட்டும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்திருக்கிறார்கள். விடிவதற்குள் முடிந்துவிட்டது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் கழிந்த பிறகுதான் இங்கே எனக்குத் தெரிகிறது.

"லீவு கேள், பிள்ளை. நாலு நாள் படுத்துக் கிட. பேந்து வரலாம்," என்றார் அண்ணை.

"கேட்டா ஞாயிற்றுக்கிழமை வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"போனாப் போகட்டும். செத்தவீட்டுத் துடக்குக்காரி நீ. பலகாரம் செய்யப் போறியோ?"

"இது பலகாரம் இல்லை அண்ணை. எண்ணெய்ச்சட்டி வைக்கிறேல்லை, போறணையும் இல்லை. உருக்கி ஊத்துறதுதானே."

"ஓமோம். படிச்ச பிள்ளை. துடக்குக்கும் ஓட்டை கண்டுபிடிச்சிட்டாய்."

"நீங்கள் ஷெஃபுக்குச் சொல்லக்கூடாது."

"நான் கதைக்கிற டொச் பாஷை அவருக்கு விளங்கினாத்தானே சொல்லுறதுக்கு," என்றுவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஷெஃபிடம் சொல்ல எனக்கு மனமில்லை. போன வருடம் தாயை இழந்த ஒருவரின் தோளை அங்கே எல்லாரும் ஒரு கிழமை தட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குத் தட்டுத் தூக்குவதைவிடப் பெரிய வேலை எதையும் யாரும் கொடுக்கவில்லை. எனக்கு அந்தப் பாவப்பார்வை வேண்டாம். கிடைக்கிற இடம் என் கைவேலைக்குக் கிடைக்க வேண்டும், என் அப்பாவின் சாவுக்கு அல்ல.

ஆனால் ஒன்றை நான் விடவில்லை. எங்கள் வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை யாரும் இனிப்பை வாயில் வைப்பதில்லை. நான் அவர் பிணத்தைப் பார்க்கவில்லை, கொள்ளிக்குப் பின்னால் வாசல்வரைகூட நடக்கவில்லை. இதையாவது அவருக்குச் செய்ய வேண்டும் என்றிருந்தது. செய்வது வேலை, தின்பது வேறு என்று எனக்கு நானே ஒரு கோடு கீறிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஷெஃப் களஞ்சிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வால்நட் இரண்டு சாக்குகளில் இருந்தது. "ஒன்று இந்த வருடத்தது, மற்றதில் போன வருட மிச்சமும் கலந்திருக்கலாம். பார்வைக்குத் தெரியாது. கடித்துப் பார்த்து எடு," என்றார். பிறகு எல்லாரிடமும் சொல்லும் தன் சட்டத்தையும் சொன்னார்: "உன் வாய்க்குள் போகாத எதுவும் இந்தக் கதவைத் தாண்டிப் போகக்கூடாது."

நான் கடிக்கவில்லை. கொட்டைதானே, இனிப்பு இல்லையே என்று இப்போது யாரும் கேட்கலாம். இனிப்புக்குப் போகிற பொருள் என்று அன்று என் மனம் சொன்னது. முகர்ந்து பார்த்தேன். மான் இறைச்சிக் குழம்பின் வாசம் என் மூக்கிலும் தலைமயிரிலும் ஏறியிருந்தது. வேறொன்றும் மணக்கவில்லை. அந்தக் கொட்டையை இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணால் கண்டேன். அதன் நல்ல மணம் எது, கெட்ட மணம் எது என்றும் எனக்குத் தெரியாது. வாசலுக்குக் கிட்ட இருந்த சாக்கிலிருந்து அள்ளினேன்.

மற்றதெல்லாம் நன்றாகவே செய்தேன். சாக்லேட் கட்டியைக் கத்தியால் சீவினேன். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து மூன்றில் இரண்டு பங்கை உருக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே விழாதபடி கிண்ணத்தின் அடியைத் துணியால் துடைத்து இறக்கினேன். மிச்சத்தைப் போட்டு ஆறும்வரை கிளறினேன். ஷெஃப் பதத்தை உதட்டில் வைத்துப் பார்ப்பார். நான் கத்தி முனையில் தோய்த்து, அது பளபளப்பாக இறுகுகிறதா என்று பார்த்தேன். இறுகியது. எண்ணெய்த்தாள் விரித்த தட்டுகளில் ஊற்றி, ஒரு விரல்நுனி கனத்துக்குப் பரப்பினேன். வால்நட், பேரிக்காய்த் துண்டுகள், பச்சைப் பூசணி விதை, செம்மஞ்சள் தோடம்பழத் தோல். அப்பாவை நினைக்காமல் இரண்டு மணி நேரம் போனது. அதற்காக அன்று பின்னேரம் என்னை நானே வெறுத்தேன்.

ஷெஃப் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். "அழகு," என்றார். "ருசி பார்த்தாயா?"

"ஓம், ஷெஃப்."

அவர் நம்பினார். தானும் ஒரு துண்டு உடைத்தார். அந்த நேரம் போறணைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட, துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஓடினார்.

ஞாயிறு மத்தியானம் பாடகர்கள் இறைச்சியை வழித்துத் தின்றார்கள். அந்தத் தட்டுகளில் கழுவ ஒன்றுமே இல்லை. பிறகு இனிப்புத் தட்டுகள் திரும்பி வந்தன. பல் பட்ட துண்டுகள். கடதாசித் துவாலையில் துப்பிச் சுருட்டியவை. ஒரு தட்டில் சாக்லேட்டை விட்டு வால்நட்டை மட்டும் விரலால் நோண்டி ஓரத்தில் குவித்திருந்தார்கள்.

அண்ணை தொடாத துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். உடனே தொட்டிக்குள் துப்பினார்.

"பிள்ளை, இது காறுது. பழைய தேங்காயெண்ணெய் குடிச்ச மாதிரிக் கிடக்கு. நீ திண்டு பாக்கேல்லையோ?"

நான் அடுத்த தட்டை எடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

ஷெஃப் வந்தார். கையில் ஒரு துண்டு, பாதி கடித்தது. கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நேற்று இதை ருசி பார்த்தாயா?"

"அவளுக்கு..." என்று அண்ணை தன் உடைந்த ஜெர்மனில் தொடங்கினார்.

"அண்ணை, ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றேன். பிறகு ஷெஃபிடம் திரும்பி, "பார்த்தேன்," என்றேன்.

"நன்றாக இருந்ததா?"

"ஓம்."

அவர் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ருசி பார்க்க மறந்தவளுக்குப் பழக்கிவிடலாம்," என்றார் மெதுவாக. "இதைத் தின்றுவிட்டு நல்லது என்று சொல்பவளுக்கு நான் எதைப் பழக்க? உனக்கு நாக்கு இல்லை. அது உன் பிழை அல்ல." அந்தத் துண்டை என் தட்டுக் குவியலின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பிழை அல்ல என்று அவர் சொன்னதுதான் அதிகம் சுட்டது. கடைசியில் அந்தப் பாவப்பார்வையும் எனக்குக் கிடைத்தது, வேறு காரணத்துக்காக.

"ஒரு வசனம்," என்றார் அண்ணை. "ஒரே ஒரு வசனம். கொப்பர் செத்துப்போனார் எண்டு சொல்ல உனக்கு டொச் தெரியாதோ? அந்தத் தடிச்ச புத்தகத்திலை அது இல்லையோ?"

"அப்பாவைக் காட்டி வேலை கேக்க மாட்டன்."

"ஆர் கேக்கச் சொன்னது? பொய் சொல்லாமல் இருந்திருக்கலாம்."

நான் எச்சில் தட்டுகளை அடுக்கித் தூக்கினேன்.

பின்கட்டில் பன்றிப் பண்ணைக்காரர் எடுத்துப்போகும் வாளி இருந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக அதற்குள் சுரண்டினேன். பரிமாறாத இரண்டு தட்டுகளும் முழுதாக வந்தன. அவற்றையும் உடைத்துப் போட்டேன். நான் செய்த சாக்லேட் சுத்தமாக, படபடவென்று உடைந்தது. பதம் சரிதான். அண்ணை என் பக்கம் திரும்பாமல் கரண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஷெஃப் உள்ளே திங்கட்கிழமைக்கான ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். குளிர்ப்பகுதிக்கு யார் என்று அவர் சொல்வது கேட்கக்கூடாது என்பதற்காகக் தொட்டிக்குத் திரும்பிக் குழாயை முழுதாகத் திறந்தேன். ஆனாலும் வேறொருவரின் பெயர் கேட்டது.