முதல் லட்டு

2005ஆம் ஆண்டு, லண்டன் லூயிஷாமில் ஒரு வசந்தகாலக் காலை. பிரிட்டிஷ் குடியுரிமைச் சத்தியம் எடுக்க நானும் கணவரும் மண்டபத்துக்குப் போனோம். குடியுரிமைப் பத்திரம் கிடைத்தால் பாஸ்போர்ட் எடுக்கலாம், யாழ்ப்பாணம் போய் அம்மாவைப் பார்க்கலாம். அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரத்தோடு அங்கே போக முடியாது. கனவில்கூட அம்மாவின் முகம் மங்கத் தொடங்கியிருந்த காலம் அது. பட்டுச்சேலையில் நடக்கையில் கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை.

வாசலில் சூட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். அலுவல் பார்க்கப் போனால் பெரிய அதிகாரியை முதலில் குளிரவைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். கணவர் டூட்டிங் தமிழ்க்கடையில் வாங்கிய லட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டினார். நான் எங்கள் அழைப்புக் கடிதங்களை நீட்டினேன். அவர் லட்டை எடுத்துக்கொண்டு, கடிதங்களைத் திருப்பித் தந்தார். தானும் சத்தியம் எடுக்கத்தான் வந்தாராம். அதிகாரி உள்ளே மேசையில் இருந்த கறுப்பினப் பெண். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

அவர் தென்னாபிரிக்கர். தாத்தா லண்டனில் பிறந்தவர் என்பதால் விசா சுலபமாகக் கிடைத்ததாம். துணைக்கு யாரும் இல்லை என்றார். எங்களோடு இருக்கச் சொன்னோம்.

கணவர் என் காதோடு சொன்னார்: "என்ர அப்பப்பா மலாயா ரயில்வேயில காலமெல்லாம் பிரிட்டிஷ்காரருக்குத்தான் வேலை செய்தவர். அதை ஆர் கேட்டவை?"

குரலில் கோபமே இல்லை, பழைய கனவொன்றைச் சொல்வதுபோல. சட்டம் எழுதியவர்கள் யாருடைய பேரப்பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உயரமான ஜன்னல்களால் வெளிச்சம் இறங்கியது. எல்லோரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னோம். என் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. பத்திரம் கைக்கு வந்ததும் அழுதுவிட்டேன்.

வெளியே வரும்போது வாசல் காவலாளி அந்த மனிதரின் கையைக் குலுக்கி, எங்களை அழைத்து வந்ததற்கு நன்றி சொன்னார். எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இல்லை, இவர்கள்தான் என்னைக் கூட்டி வந்தார்கள்" என்றார் அவர்.

அந்தக் கோடையிலேயே ஊருக்குப் போனேன். முழுக்கதையையும் கேட்ட அம்மா, "அந்தப் பிள்ளை லட்டைச் சாப்பிட்டவனோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

காவலாளிமேல் கோபப்பட என்னால் முடியவில்லை, காலையில் நானும் அதே கண்ணால்தானே பார்த்தேன்? இன்றைக்கும் கடிதத்தோடு எந்த வாசலில் நின்றாலும், என் கண் முதலில் யாரைத் தேடுகிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன்.